சும்மா நின்றவனுக்கு ஒரு வக்காலத்து

2007ஆம் ஆண்டு மே 24, விடியற்காலை மூன்றரை மணி. மாமாக் கடையில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். ஏதென்ஸ் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், ஏசி மிலானும் லிவர்பூலும். முதல் பாதி முடியப்போகிற 45ஆவது நிமிடத்தில் மிலானுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. பிர்லோ அடித்தார். கோலை நோக்கிப் போன பந்து வழியில் பிலிப்போ இன்சாகியின் மேல் பட்டது. தோளில் பட்டதா, கையின் மேல்பகுதியில் பட்டதா என்ற சண்டை இன்றும் தீரவில்லை. லிவர்பூல் கோல்காவலர் ரெய்னா ஒரு பக்கம் சாய்ந்தார், பந்து இன்னொரு பக்கமாக உள்ளே போனது.

என் மேசையில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர் தே தாரேக் கிளாஸை டக்கென்று கீழே வைத்தார்.

“இதெல்லாம் ஒரு கோலாடா? சும்மா நின்னான். பந்து வந்து பட்டுச்சு. அவ்வளவுதான்.”

கடை முழுக்கச் சிவப்புச் சட்டை. எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘சும்மா நின்னான்.’ அதற்குப் பிறகு இந்த வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். தொலைக்காட்சியில் ஆட்டத்தை அலசுகிறவர்கள் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வார்கள்: சரியான இடத்தில் சரியான நேரத்தில் இருந்தார். யோஹான் க்ரைஃப் சொன்னதாக உலகம் முழுக்க ஒரு வாசகம் சுற்றுகிறது, இவருக்குக் கால்பந்தே ஆடத் தெரியாது, எப்போதும் சரியான இடத்தில் இருக்கிறார், அவ்வளவுதான் என்று. அலெக்ஸ் ஃபெர்குசன் பெயரில் இன்னொன்று உலவுகிறது: அந்தப் பையன் ஆஃப்சைடிலேயே பிறந்தவன். இந்த இரண்டையும் நம் ஆட்கள் பழமொழி மாதிரி ஒப்பிப்பார்கள். ஒப்பித்துவிட்டுச் சிரிப்பார்கள். விஷயம் முடிந்தது.

இதில் எனக்கு அதிகம் கோபம் வருவது இலக்கியம் வாசிக்கிற நண்பர்கள் மேல்தான். கால்பந்து என்று பேச்செடுத்தால் நம் ஆட்களுக்கு இரண்டே கதைதான் தெரியும். ஒன்று, ஆறேழு பேரை வெட்டிக்கொண்டு போய்ப் போடுகிற கோல். இன்னொன்று, 1994 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பினால்டியைக் கோல்கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டுத் தலைகுனிந்து நின்ற ரொபெர்ட்டோ பாஜியோ. மேதை வேண்டும், இல்லாவிட்டால் சோகம் வேண்டும். இரண்டுமே இல்லாமல் வேலையை முடித்துவிட்டுக் கத்திக்கொண்டே கொடிக்கம்பத்தைப் பார்த்து ஓடுகிற ஒருவனைப் பற்றி ஒரு கவிதைகூட வராது. வராவிட்டால் போகட்டும். ஆனால் எழுத வராததால் அவனிடம் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவது என்ன நியாயம்?

நான் சொல்ல வருவது இதுதான். இன்சாகியின் ஆட்டத்தை அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் அவருடைய ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பந்தைப் பார்த்தார்கள். பந்தை மட்டுமே பார்க்கிற கண்ணுக்கு, பந்தில்லாமல் நடக்கிற உழைப்பு எல்லாம் ‘சும்மா’ என்றுதான் படும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கு எல்லாவற்றையும் சொல்லாது, தெரியும். ஆனால் அதிர்ஷ்டம் என்ற குற்றச்சாட்டுக்குக் கணக்கு கொஞ்சம் பதில் சொல்லும். இத்தாலியின் முதல் நிலை லீக்கான சீரி ஆவில் 156 கோல். ஐரோப்பியக் கழகப் போட்டிகளில் 70. தேசிய அணிக்கு 57 ஆட்டங்களில் 25. இதையெல்லாம் போட்டது யாருக்கு எதிராக? தற்காப்பை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்த இத்தாலியில், தொண்ணூறுகளின் இத்தாலியில். உலகத்தின் மிகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்கள் வாராவாரம் முதுகில் ஒட்டிக்கொண்டு, சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருந்த காலத்தில். ஒரு தடவை குலுக்கலில் பரிசு விழுந்தால் அதிர்ஷ்டம் என்போம். கிட்டத்தட்ட இருபது வருடம் ஒருவனுக்கே விழுந்துகொண்டிருந்தால், அவன் வேறு ஏதோ செய்கிறான் என்றுகூடவா சந்தேகம் வராது?

சரி, அந்த ‘வேறு ஏதோ’ என்ன? அதற்கு ஆரம்பத்திலிருந்து வரவேண்டும்.

1973இல் பியாசென்சாவில் பிறந்தவர். ஊர்க் கழகமான பியாசென்சாவில்தான் ஆரம்பம். அங்கே உடனே இடம் கிடைக்கவில்லை. இரவல் ஆட்டக்காரராக லெஃபே என்ற சின்னக் கழகத்துக்கு அனுப்பினார்கள், மூன்றாம் நிலை லீக். அங்கே 13 கோல். அடுத்த வருடம் வெரோனாவுக்கு இரவல், இரண்டாம் நிலை லீக். அங்கேயும் 13. திரும்பி வந்து பியாசென்சாவுக்கு 15 கோல் போட, அணி சீரி ஆவுக்கு உயர்ந்தது. பெரிய கழகமான பார்மா வாங்கியது. காயம் வந்தது, லீக்கில் 15 ஆட்டம் ஆடி இரண்டே கோல். அவ்வளவுதான், தூக்கிவிட்டார்கள்.

இருபத்து மூன்று வயதில் அட்டலாண்டாவுக்கு வந்தார். பட்டத்துக்கெல்லாம் போட்டி போடுகிற கழகமில்லை அது. 1996-97 பருவத்தில் அங்கே 24 கோல் போட்டு, சீரி ஆவின் அதிகக் கோல் அடித்தவர் ஆனார். பந்து எடுத்துக் கொடுக்கப் பெரிய நட்சத்திரக் கூட்டம் இல்லாத அணியில் 24 கோல். அப்போதைய பயிற்றுநர் எமிலியானோ மொண்டோனிகோ பாராட்டிச் சொன்னதாக ஒரு வாக்கியம் உண்டு: இன்சாகி கோலைக் காதலிக்கவில்லை, கோல்தான் இன்சாகியைக் காதலிக்கிறது. எவ்வளவு அழகான வாக்கியம் பாருங்கள். இந்த அழகுதான் பிரச்சினை. பாராட்ட வந்தவரும் கடைசியில் அவர் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிக் கோல்கம்பத்திடம் கொடுத்துவிட்டார். திட்டுகிறவர் ‘பந்து வந்து பட்டுச்சு’ என்கிறார், பாராட்டுகிறவர் ‘கோல் காதலிக்கிறது’ என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் இன்சாகி எதுவும் செய்யவில்லை.

அவர் செய்ததைப் பார்க்க வேண்டுமென்றால் ஆஃப்சைட் விதியைக் கொஞ்சம் பேசித்தான் ஆகவேண்டும். பயப்படாதீர்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சக ஆட்டக்காரர் பந்தைத் தட்டிவிடுகிற அந்தக் கணத்தில், தாக்குதல் ஆட்டக்காரர் பந்தையும் எதிரணியின் கடைசி இரண்டு பேரில் முந்தியவரையும் தாண்டி, எதிரணியின் பாதியில் நின்றால் அது ஆஃப்சைட் நிலை. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்காவலர் என்பதால், நடைமுறையில் இது தற்காப்பு வரிசையின் கடைசி ஆள்தான். அவருக்குச் சரிசமமாக நின்றால் தவறில்லை. கவனிக்க வேண்டியது அந்தக் கணம். பந்து வந்து சேர்கிற கணம் கணக்கில் வராது, பந்து புறப்படுகிற கணம்தான் கணக்கு. அதனால் தற்காப்பு வரிசை முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு எட்டு முன்னால் வந்தால் எதிரி பொறியில் மாட்டுவான்.

இன்சாகி அந்தக் கோட்டிலேயே குடியிருந்தார். தற்காப்பு ஆட்டக்காரரின் தோளுக்குப் பின்னால், அவர் கண்ணுக்குப் படாத பக்கத்தில். பந்தையும் இன்சாகியையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாத இடம் எதுவோ, அந்த இடத்தில். பிர்லோவோ ருய் கோஸ்டாவோ தலையைத் தூக்குகிற நொடியில் ஓடத் தொடங்குவார். கோட்டுக்கு இணையாகக் கொஞ்சம் வளைந்து ஓடி, பந்து காலை விட்டுப் புறப்படும்போது சட்டென்று உள்ளே திரும்புவார். அரை நொடி முந்தினால் ஆஃப்சைட். அரை நொடி பிந்தினால் தற்காப்பு ஆட்டக்காரர் பிடித்துவிடுவார். இதில் பலமுறை முந்திவிட்டார் என்பது உண்மை. கொடி தூக்கித் தூக்கியே லைன்ஸ்மேன்களுக்குத் தோள்வலி வந்திருக்கும். அதனால் என்ன? ஆஃப்சைட் ஆனால் இன்சாகிக்கு நட்டம் ஒரு ஃப்ரீ கிக். ஒரே ஒரு தடவை சரியாக விழுந்தால் எதிரணிக்கு நட்டம் ஆட்டமே. இது மடத்தனமா, கணக்கா?

‘அணியோட சேர்ந்து ஆட மாட்டான்’ என்கிற குற்றச்சாட்டும் இங்கேதான் உடைகிறது. கோட்டில் இப்படி ஒருத்தன் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் தற்காப்பு வரிசைக்குப் பயம் வரும். பயம் வந்தால் பின்னுக்கு நகரும். அது பின்னுக்கு நகர்ந்தால் நடுக்கள வரிசைக்கும் அதற்கும் இடையே இடம் திறக்கும். அந்த இடத்தில்தான் காகா பந்தை வாங்கித் திரும்பினார், ருய் கோஸ்டா நிதானமாக நின்று பந்து பிரித்தார். நீங்கள் கைதட்டிய அந்த அழகான ஆட்டத்துக்கெல்லாம் நிலம் ஒதுக்கிக் கொடுத்தவர்களில் இந்த ‘ஆடத் தெரியாதவனும்’ ஒருவர்.

இப்போது 2006 ஏப்ரலுக்கு வாருங்கள். சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, இரண்டாவது ஆட்டம், சான் சீரோ அரங்கம். பிரான்சின் லியோனுக்கு எதிராக 1-1. அப்படியே முடிந்தால் வெளியூர் கோல் கணக்கில் மிலான் வெளியே. 88ஆவது நிமிடம். ஷெவ்செங்கோ அடித்த பந்து ஒரு கம்பத்தில் பட்டு, கோட்டை ஒட்டி மறுகம்பத்துக்குப் போய், அதிலும் பட்டு வெளியே வந்தது. வந்த இடத்தில் இன்சாகி. தட்டினார், கோல். மிலான் 3-1 என்று ஜெயித்து அரையிறுதிக்குப் போனது.

இதைவிட அதிர்ஷ்டக் கோல் உண்டா என்று கேட்பீர்கள். பந்து இரண்டு கம்பத்திலும் பட்டது அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பந்து வெளியே வந்தபோது அங்கே ஒருவர் இருந்தாரே, அது எப்படி? சக ஆட்டக்காரன் கோலை நோக்கி அடித்ததும் நம்மில் பெரும்பாலோர் நின்று வேடிக்கை பார்ப்போம். கையைத் தலைமேல் வைக்கத் தயாராக இருப்போம். இன்சாகி ஓடுவார். ஒவ்வொரு முறையும் ஓடுவார். பந்து திரும்பி வரும் என்று நம்பி ஓடுவார், அது வேறெங்கோ போகும். திரும்பி வந்து மறுபடி ஓடுவார். வீணாய்ப் போன அந்த ஓட்டங்களை எந்த கேமராவும் காட்டாது. கேமராவும் நம்மை மாதிரிதான், பந்தின் பின்னாலேயே போகும். கடைசியில் ஒன்று காலில் விழும்போது மட்டும் கேமரா அவரைக் கண்டுபிடிக்கும். நாமும் அப்போதுதான் அவரைப் பார்ப்போம். பார்த்துவிட்டு, ‘எங்கேர்ந்துடா வந்தான் இவன், மச்சக்காரன்’ என்போம்.

2003இலும் ஒரு கதை இருக்கிறது, அதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆயக்ஸுக்கு எதிரான காலிறுதி, 2-2, காயங்களுக்கான கூடுதல் நேரம். இன்சாகி கோல்காவலரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டார். அது கோலுக்குள் இறங்கப் போகிற நேரத்தில் ஓடிவந்த டென்மார்க்கின் டோமாசன் ஒரு தட்டுத் தட்டினார். கோல் டோமாசன் பெயரில் எழுதப்பட்டது. மற்றவர்கள் உழைப்பில் குளிர்காய்கிறவன் என்று பெயரெடுத்தவருடைய உழைப்பை இன்னொருவர் கொண்டுபோனார். அந்த வருடம் மிலான்தான் கிண்ணத்தை வென்றது.

எதிர்த்தரப்புக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இன்சாகி புனிதர் கிடையாது. லேசாகத் தொட்டால் விழுவார். விழுந்துவிட்டு நடுவரைப் பார்ப்பார். சுயநலமும் உண்டு. 2006 உலகக் கிண்ணத்தில் செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தைப் பாருங்கள். மாற்று ஆட்டக்காரராக வந்த இன்சாகி 87ஆவது நிமிடத்தில் தனியாகப் பந்தோடு கோல்காவலர் பெட்டர் செக்கை நோக்கிப் போகிறார். பக்கத்திலேயே சக ஆட்டக்காரர் பரோனே ஓடி வருகிறார், மறிக்க ஆளே இல்லை. இன்சாகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செக்கைச் சுற்றிக்கொண்டு போய்த் தானே கோல் போட்டார். பாவம் பரோனே. அந்த உலகக் கிண்ணத்தில் இன்சாகி ஆடியது அந்த ஓர் ஆட்டம்தான். ஒரு ஆட்டம், ஒரு கோல், உலகக் கிண்ணம். பந்து தரவில்லை என்று நீங்கள் திட்டலாம். அந்த இடத்தில் நானும் உங்கள் கட்சிதான்.

தோற்ற ஆட்டங்களும் உண்டு. 1999 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, டூரின் நகரம். ஜுவெண்டஸுக்காக மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகப் பதினொரு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டார். ஆட்டம் 3-2 என்று யுனைடெட் பக்கம் போய்விட்டது. ஜுவெண்டஸில் அவர் முதல் பருவத்தில் லீக் பட்டம் வந்தது, அதில் அவர் பங்கு 18 கோல். நான்கு பருவங்களில் அந்தக் கழகத்துக்கு மொத்தம் 89 கோல் போட்டார். ஆனாலும் ட்ரெசகே வந்தபிறகு அவருக்கு இடம் சுருங்கியது, 2001இல் மிலானுக்குப் போனார். அதிர்ஷ்டக்காரன் என்ற பட்டத்தோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: மிலானில் முட்டியும் கணுக்காலும் மாறி மாறிப் படுத்தின. 2005இல் இஸ்தான்புல்லில் லிவர்பூலுக்கு எதிராக மிலான் மூன்று கோல் முன்னிலையைத் தொலைத்துத் தோற்றதே, அந்த இறுதியாட்டத்தின் பதினெட்டு பேர் பட்டியலில்கூட அவர் இல்லை.

மறுபடி ஏதென்ஸுக்கு வருகிறேன். அந்த 2006-07 பருவத்தில் லீக்கில் இன்சாகி போட்டது இரண்டே கோல். வயது முப்பத்து மூன்று. இளையவரான ஜிலார்டினோ இருக்கும்போது பயிற்றுநர் அன்செலோட்டி எதற்கு இந்தக் கிழவனை இறக்குகிறார் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். முதல் கோல் எப்படி வந்தது என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். அது திட்டமிட்டுப் போட்ட கோல் என்று நான் வாதாடப் போவதில்லை. பிர்லோ அடிக்கிற நேரத்தில் அவர் கோல் முகத்தில் நகர்ந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான் நான் சொல்வது. ஃப்ரீ கிக் என்றால் நின்று பார்க்கிற ஆளாக இருந்திருந்தால் பந்து ரெய்னாவின் கைக்குப் போயிருக்கும்.

ஆனால் 82ஆவது நிமிடம் என்று ஒன்று இருக்கிறது. மாமாக் கடை அண்ணன் அந்த இரண்டாவது கோலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காகா நடுவே பந்தை வாங்கித் தலை தூக்குகிறார். இன்சாகி கோட்டில். காகாவின் கால் பந்தைத் தொடுகிற அதே நொடியில் உள்ளே திரும்புகிறார். கொடி தூக்கப்படவில்லை, தூக்க ஒன்றுமில்லை. ரெய்னா வெளியே பாய்ந்து வருகிறார். ஒரு தொடுதலில் அவரைத் தாண்டிப் பக்கவாட்டில் போய், கோணம் சுருங்கிவிட்ட இடத்திலிருந்து பந்தை உள்ளே உருட்டிவிட்டார். 2-0. லிவர்பூலுக்குக் கடைசியில் கய்ட் ஒன்று போட்டார், போதவில்லை. இஸ்தான்புல்லில் பெஞ்சுக்குக்கூட வராத ஆள் ஏதென்ஸில் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனார். ‘சும்மா நின்னான்’ என்று சொல்ல முதல் கோல் வசதி. அதனால் அந்தக் கோலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

இந்த ஞாபகப் பிழைக்கும் நம் வாசிப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு சிறுகதையை வாசித்துவிட்டு நாம் எதைக் கோடு போடுகிறோம்? மின்னுகிற வரியை. உவமையை. எழுதியவர் ஆறேழு பேரை வெட்டிக்கொண்டு போகிற பத்தியை. ‘அவள் கதவைச் சாத்தினாள்’ என்று ஒரு வரி, அது வரவேண்டிய இடத்தில் வந்து கதையையே முடித்து வைத்திருக்கும். அதற்குக் கோடு போட மாட்டோம். அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்று தோன்றும். எழுதலாம்தான். அந்த இடத்தில் எழுதுவதற்கு எத்தனை வரிகளை எழுதி அடித்திருக்க வேண்டும் என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. புதிதாக எழுத வருகிறவர்கள் எல்லாம் நடை, நடை என்று பயப்படுவதற்கு நாம் இப்படி வாசிப்பதும் ஒரு காரணம். பந்தைக் காலில் வைத்து வித்தை காட்டத் தெரியாதவனுக்கு மைதானத்தில் இடமில்லை என்று நாமே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்.

எனக்கு இது பள்ளி மைதானத்திலேயே சொல்லிக்கொடுக்கப்பட்டது. பதினான்கு வயதில் பள்ளி அணிக்குப் போனேன். பந்தை வாங்கி நிறுத்தத் தெரியாது, இடது கால் சுத்தமாக வராது. ஆனால் கோல் முன்னால் எதையாவது தட்டி உள்ளே தள்ளிவிடுவேன். பயிற்சி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்ட அன்றைக்கு ஆசிரியர் சொன்னார், “இது மச்சம், ஆட்டம் இல்ல.” பட்டியலில் என் பெயர் இல்லை. நான் இன்சாகி ஆகியிருப்பேன் என்று சொல்ல வரவில்லை. சத்தியமாக ஆகியிருக்க மாட்டேன். ஆனால் மச்சம் என்ற சொல்லால் ஒரு பையனை மைதானத்தை விட்டு அனுப்புவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதே சொல்லை 2007இல் மாமாக் கடையில் கேட்டபோது தலையாட்டியிருக்கிறேன் பாருங்கள், அதுதான் உறுத்துகிறது.

திறமை என்றால் பிறக்கும்போதே காலில் ஒட்டிக்கொண்டு வருவது என்று நம்புகிறவர்களுக்கு இன்சாகி எப்போதும் ஒரு தொந்தரவு. அவரிடம் வேகம் அசாத்தியம் கிடையாது. உடல்பலம் கிடையாது. தொலைவிலிருந்து அடிக்கிற காலும் கிடையாது. இருந்தது கவனம். எதிரே ஆடப்போகிற தற்காப்பு ஆட்டக்காரர்களை அவர் எவ்வளவு நுணுக்கமாகப் படித்தார் என்பதைக் கூட ஆடியவர்களும் பயிற்றுநர்களும் சொல்லியிருக்கிறார்கள். எவன் எந்தப் பக்கம் திரும்பச் சிரமப்படுவான், எவன் எப்போது அசருவான் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். சாப்பாட்டில்கூடப் பிடிவாதம், நாள் தவறாமல் ஒரே மாதிரி உணவு. நம்மூர் ஆட்களிடம் இதைச் சொன்னால் ‘பைத்தியக்காரன்’ என்பார்கள். அது பரவாயில்லை. மச்சக்காரன் என்பதைவிட அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

2010 நவம்பர் 3, சான் சீரோ. ரியல் மாட்ரிட் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. ரொனால்டினோவை வெளியே எடுத்து, முப்பத்தேழு வயது இன்சாகியை இறக்கினார்கள். உலகமே கொண்டாடிய வித்தைக்காரர் போய் ஆடத் தெரியாதவர் வந்தார். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு கோல். இரண்டாவது கோல் ஆஃப்சைட், மறைக்க ஒன்றுமில்லை, கொடி தூக்கியிருக்க வேண்டும். வருடக்கணக்காகக் கோட்டில் வாழ்ந்தவனுக்குக் கோடு திருப்பிக் கொடுத்த கடன் என்று நான் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் திருட்டு என்று சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். கடைசி நிமிடத்தில் மாட்ரிட் சமன் செய்துவிட்டது. சரியாக ஒரு வாரம் போனதும், அடுத்த புதன்கிழமையே பலெர்மோவுக்கு எதிராக முட்டியின் தசைநார் அறுந்தது.

முப்பத்தேழு வயதில் அந்தக் காயம் வந்தால் மரியாதையாகக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். உலகக் கிண்ணம் வீட்டில் இருக்கிறது, சாம்பியன்ஸ் லீக் இரண்டு இருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அடுத்த மே மாதம் திரும்பி மைதானத்துக்கு வந்தார். வந்த பிறகும் பெரும்பாலும் பெஞ்சுதான். அடுத்த பருவத்தில் சாம்பியன்ஸ் லீக் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் 70 கோல் போட்டவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

2012 மே 13. மிலானுக்குப் பருவத்தின் கடைசி ஆட்டம், நோவாரா என்ற சின்ன அணிக்கு எதிராக. பட்டம் ஏற்கெனவே ஜுவெண்டஸுக்குப் போய்விட்டது. ஜெயித்தாலும் தோற்றாலும் எதுவும் மாறாது. 1-1 என்று இருந்தபோது இன்சாகி உள்ளே வந்தார். 82ஆவது நிமிடத்தில் சீடோர்ஃப் தூக்கிக் கொடுத்த பந்து. தற்காப்புக்குப் பின்னால் ஓடி, நெஞ்சில் வாங்கி, கீழே விழுமுன் அடித்தார். கோல். மிலானுக்கு அவர் ஆடிய 300ஆவது ஆட்டம், 126ஆவது கோல். அதுதான் கடைசி. ஒரு பயனும் இல்லாத அந்தக் கோலுக்கு அவர் ஓடிய ஓட்டத்தைப் பாருங்கள், உலகக் கிண்ணத்தையே வென்றுவிட்ட மாதிரி கத்திக்கொண்டு ஓடினார், அழுதார். சின்னக் கோலுக்கும் இப்படிக் கத்துகிறானே என்று பல வருடமாகக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. அவருக்குச் சின்னக் கோல் என்று ஒன்று இருந்ததே இல்லை. பத்து அடியிலிருந்து தட்டியதும் ஒன்றுதான், நாற்பது அடியிலிருந்து வளைத்து அடித்ததும் ஒன்றுதான். பலகையில் இரண்டுக்கும் ஒரே எண்தான் ஏறும்.

வாதம் போதும். உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 2007 இறுதியாட்டத்தின் முழுப் பதிவையும் எங்கேயாவது தேடி எடுங்கள். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய சின்னத் துண்டு வேண்டாம், தொண்ணூறு நிமிடமும் வேண்டும். பந்தைப் பார்க்காதீர்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், கண் இழுத்துக்கொண்டு போகும், கேமராவும் பாதி நேரம் உங்களை ஏமாற்றும். இருந்தாலும் மிலானின் ஒன்பதாம் எண் சட்டை திரையில் தெரிகிற போதெல்லாம் அதை மட்டும் பாருங்கள். எப்போது நடக்கிறார், எப்போது நிற்கிறார், யார் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறார், பந்து வராத எத்தனை ஓட்டம் ஓடுகிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

தாள் நிறைந்த பிறகு, அந்த அண்ணனைப் போல உங்களாலும் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், ‘சும்மா நின்னான்’ என்று. தே தாரேக் என் செலவு.